பதின்மூன்று வியாழனும் ஒரு கான்ட்ராக்ட் ஆளும்

காக்களூர் தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகம் அடிக்கும் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் ஒரே பிரஸ் மெஷினை ஓட்டினேன். பக்கத்து மெஷின்காரர் நிரந்தரத் தொழிலாளி, நான் கான்ட்ராக்ட். அவர் சட்டை நீலம், என் சட்டை காக்கி. வேறு வித்தியாசம் எதுவும் என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

அந்த வருடம் காக்கிச் சட்டை ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. முடிவு மனிதவள மேலாளர் கையில். அதே சமயம் ஜப்பான்காரர்களைப் பார்த்துக் கம்பெனிக்கு ஒரு வியாதி தொற்றியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தொழிலாளி ஒருவர் பத்து நிமிடம் ‘அறிவுப் பகிர்வு’ செய்ய வேண்டும். மேலாளர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு அறிவைப் பெற்றுக்கொள்வார்.

என் முறை வந்தபோது வானியலை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவள்ளூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்ததெல்லாம் வேறு எதற்கு?

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் ராட்சதக் கோள் எது, நட்சத்திரமாக முடியாமல் நின்றுபோன ‘பழுப்புக் குள்ளன்’ எது என்று இங்கிருந்து பிரிப்பது பெரிய பேஜாரு என்று ஆரம்பித்தேன். எடையைப் பார் என்கிறது ஒரு கட்சி. நம் வியாழனைப்போலச் சுமார் பதின்மூன்று மடங்கைத் தாண்டினால் உள்ளே டியூட்டீரியம் என்கிற கன ஹைட்ரஜன் எரியும், அது குள்ளன். பிறப்பைப் பார் என்கிறது இன்னொரு கட்சி. நட்சத்திரத்தைச் சுற்றிய தூசித் தட்டில் திரண்டால் கோள், வாயு மேகம் தானாகச் சுருங்கிப் பிறந்தால் குள்ளன், எடை எவ்வளவு இருந்தாலும் சரி. இதைச் சொன்னபோது மேலாளர் கண்ணைத் திறந்தார்.

“இன்னாபா, அந்தாளு முழிச்சுக்கினு கேட்டாரு! உனுக்குத்தான், போ” என்றார் பக்கத்து மெஷின்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

“உங்க ரிப்போர்ட் பார்த்தேன். பெர்மனென்ட் ஆளுங்களைவிட ஜாஸ்தி அடிச்சிருக்கீங்க. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்ல.”

“தேங்க்ஸ் சார்.”

“ஆனா எவ்ளோ இருந்தாலும் பொறப்புதான் முக்கியம்னு நீங்களே சொல்லிட்டீங்க. நீங்க கான்ட்ராக்டர் வழியா வந்தவர். இதை உங்க ஆளுங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கினு இருந்தேன்.”

“சார், எடையைப் பார்க்கிற கட்சியும் இருக்கு. அதையும் சொன்னேன்.”

“சரி, எந்தக் கட்சி கரெக்டுன்னு முடிவாயிடுச்சா?”

ஆயிடுச்சு சார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் எங்கே போய் விசாரிக்கப் போகிறார்? ஏழு வருட உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

“இன்னும் இல்ல சார்.”

“அப்ப முடிவாகட்டும், பார்க்கலாம்” என்று ஃபைலை மூடினார்.

வெளியே வந்தபோது அழுகை முட்டியது. அவர்மேல் வரவேண்டிய கோபம் முழுக்க விஞ்ஞானிகள்மேல் வந்தது. அவ்வளவு பெரிய தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு, இத்தனை வருடமாக ஒரு முடிவுக்கு வரத் துப்பில்லையே!