மாநாட்டுக்கு வேன் ஓட்டிய நாட்கள்

வாடகை வேன் ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிந்தால் மட்டும் போதாது, பின்சீட்டில் இருப்பவரின் வயிறும் மனசும் தெரிய வேண்டும் என்று இந்தத் தொழிலில் கிடந்து அல்லாடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மாநாடு நடந்தபோது, வந்தவர்களை ஏற்றி இறக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

வளைவு

முதல் சவாரி, சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். மாநாடு தொடங்குமுன் நுவரெலியா பார்த்துவிட வேண்டும் என்றார். ஆனால் ஏறியதிலிருந்து மடியில் கட்டுரையை விரித்துத் திருத்திக்கொண்டே வந்தார். வளைவு வருகிறது, வெளியே பாருங்கள் சேர் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ரம்பொடை ஏற்றத்தில் தாள் புரட்டும் சத்தம் அடங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் முகம் வெளிறிக் கிடக்கிறது. ஓரங்கட்டி இறக்கி, வயிறு காலியானதும் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். எதிரே கொட்டுகிற அருவியை அப்போதுதான் பார்த்தார். பிறகு கட்டுரையைக் காட்டிச் சொன்னார்: "இதைக் கேக்கப் போறவங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்போல, தம்பி. நாலு பக்கத்தை வெட்டிடறேன்."

பூந்தோட்டம்

மாநாட்டன்று நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றினேன். மகள் கலைச்செல்விக்கு அதுதான் முதல் கட்டுரை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். மாநாட்டு மண்டப வாசலில் இறங்கியதும் கலைச்செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா எதிரே இருந்தால் தனக்குப் பேச்சு வராது, முடியும்வரை எங்காவது சுற்றிக் காட்டுங்கள் என்றாள்.

புத்தர் கோயிலான தலதா மாளிகையில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனோம். அந்தம்மா புல்வெளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய தோட்டம். ஒரு கொழுந்து இல்ல, கங்காணி இல்ல. சும்மா நடக்கவா தம்பி வச்சிருக்காங்க?"

பின் கதவு

அதற்குமேல் அவருக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. மகள் பேசுவதைத் தூர நின்றாவது பார்க்க முடியுமா என்று கேட்டார். கலைச்செல்வி சொன்னது என் காதில் இருந்தது, அந்தம்மாவின் முகமும் எதிரே இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

மண்டபக் காவலரிடம் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். அவர் பின் கதவைத் திறந்து, தன் நாற்காலியையே உள்ளே போட்டுக் கொடுத்தார். அந்தம்மா உட்காரும்போதே கலைச்செல்வி பார்த்துவிட்டாள். பேச்சு பாதியில் நின்றது. மண்டபமே காத்திருந்தது. கெடுத்துவிட்டேனே என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "பின்னால இருக்கிறது எங்க அம்மா," என்று தமிழில் சொன்னாள். பிறகு விட்ட இடத்திலிருந்து இங்கிலீசில் கடைசிவரை நிற்காமல் பேசி முடித்தாள்.

திரும்பும்போது மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகள் பேசியது விளங்கியதா என்று அந்தம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒண்ணும் வெளங்கல தம்பி. புள்ள பயப்படாம பேசுனா. எனக்குத்தான் கால் நடுங்குச்சு."

பார்க்க வேண்டிய இடம் எதுவென்று ஏறுகிறவர்களுக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி நிறுத்த இடம் எங்கே இருக்கிறது என்பதுதான்.