சிவசக்தி எந்த டின்னில்?

அழகரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவன் டின்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பால்மா டின் காலியானால் யாரும் குப்பையில் போட மாட்டார்கள். அழகர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு குச்சியை நட்டு வைப்பான். அது பூக்கும். பகலெல்லாம் கத்தியும் கையுமாகத் தேயிலைச் செடியை மொட்டையடிக்கிற கவ்வாத்துக்காரன், சாயங்காலம் ஒரு பிகோனியா இலை வாடிவிட்டதென்று சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான். இவனை என்ன சொல்வது?

நான் அவர்களுக்குப் பக்கத்துக் காம்பரா. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவன் பெண்சாதி பாக்கியலெட்சுமி அம்மி அரைத்தால் இந்தப் பக்கம் என் பானை ஆடும். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே காலியாகிற டின்களும் அழகருக்குத்தான் போகும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே பொம்மை. பின்னால் நடந்த கூத்துக்கு இது ஒரு காரணம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அந்த வீட்டில் ஆளுக்கொரு பைத்தியம். மகன் ரமேஸ் பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். வீட்டுக்கு வந்தால் கேரம் போர்டை விட்டு எழுந்திருக்க மாட்டான். மகள் மதுஷா பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவள். போனைக் கையில் எடுத்தால் பூனை தும்மினாலும் வீடியோ எடுப்பாள். பாக்கியத்துக்கு மட்டும் பொழுதுபோக்கு என்று ஒன்றும் கிடையாது. வருஷத்தில் ஒரு நாள், பொங்கலுக்கு முன்னால், என்னையும் இழுத்துக்கொண்டு பதுளைக்குப் போய் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை வாங்குவாள். பார்த்துப் பார்த்து, கரையைத் தடவிப் பார்த்து, கடையைத் தலைகீழாக்கித்தான் வாங்குவாள்.

அது சிவசக்திக்கு. ரமேஸுக்கும் மதுஷாவுக்கும் நடுவில் பிறந்தவள். நாலு வயதில் காய்ச்சல் கண்டு, மழையில் ரோடு அடைபட்டுக் கிடந்த ஒரு நாளில், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள். என் மடுவத்தில் என் மடியில் தூங்கின பிள்ளை. கன்னியாகப் போன பிள்ளை வீட்டுக்குச் சாமி என்பது எங்கள் வழக்கம். பொங்கலுக்கு மறுநாள் புதுப் பாவாடையும் வளையலும் ரிப்பனும் வைத்துக் கும்பிட்டு, பிறகு அந்தப் பாவாடையை ஏதாவது ஒரு பிள்ளைக்கு உடுத்திவிடுவார்கள். மதுஷா சின்னவளாக இருந்தபோது அவள் உடுத்தினாள். அவள் வளர்ந்த பிறகு என் மடுவத்துப் பிள்ளைகளில் அளவான ஒருத்திக்கு நான் கொடுத்துவிடுவேன். உடுத்துகிற பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போனார்கள். பாவாடை மட்டும் அதே நாலு வயது அளவு.

லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, யாரும் இங்கே இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது எல்லோரும் அழுதார்கள், சண்டை போட்டார்கள், பிறகு பேசாமல் இருந்தார்கள். பாக்கியம் மட்டும் அழகரின் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். சிவசக்தியைப் புதைத்த இடத்தில், அந்தப் பெரிய கல் பக்கத்தில், ரெண்டு கை மண் அள்ளி டின்னில் போட்டு, மஞ்சள் துணி கட்டிக் கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்தாள். சாமியை ஊர் மாற்றுவதென்றால் பிடிமண் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மழையில் அந்தக் கல்லும் சரிந்து, அந்த இடமே ஆற்றுக்குப் போய்விட்டது. பிறகு பாக்கியத்துக்கு மிச்சமிருந்தது அந்த டின் ஒன்றுதான்.

கீழ் டிவிசனில் எங்களுக்கென்று வீடு கட்டி முடிய வெகு நாளாயிற்று; அதுவரை அதே லயத்தில்தான் இருந்தோம். முதல் கட்டத்தில் அழகருக்குச் சாவி வந்தது. எனக்கு அடுத்த கட்டம் என்றார்கள். அந்தக் கட்டம் எப்போது என்று கேட்டால் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். சரி, அது என் வயிற்றெரிச்சல், இங்கே எதற்கு?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள். வீட்டை மாறிப் பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். மாறுவதற்கு முதல் நாள் அவர்கள் காம்பராவுக்குள் நுழைந்தால் எதை மிதிக்கிறோம் என்று தெரியவில்லை. ரமேஸ் லீவு போட்டு வந்தவன், சாமான் கட்டாமல் கேரம் காய்களை எண்ணிக்கொண்டிருந்தான். சிவப்புக் காயைக் காணோமாம். அது கிடைக்கும்வரை கட்டிலைத் தூக்க மாட்டானாம். மதுஷா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் பழைய வீடு, எங்கள் பழைய அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். நடுவில் சாமித்தட்டையும் காலி செய்தாள். விளக்கு உடைந்துவிடக் கூடாதே என்று கையில் கிடைத்த துணியைச் சுற்றினாள். டின்னை எடுத்து இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தாள். அங்கே அழகர் துருப்பிடித்த டின்களிலிருந்து செடிகளைப் பிடுங்கி நல்ல டின்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். புது வீட்டுக்கு இற்றுப்போன டின் போகக் கூடாதாம். அவனைச் சுற்றி அத்தனை டின். நானே ரெண்டு முறை தடுக்கி விழப் பார்த்து அவனைத் திட்டினேன். பாக்கியம் அடுப்படியில் சட்டி பானைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் இதில் எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் றில்வான் நானா தன் சின்ன லொறியைக் கொண்டுவந்தார். முதல் நடையில் செடிகளும் சாமிப் படங்களும் நாங்களும் போனோம். புது வீட்டு வாசலில் எல்லா டின்னையும் இறக்கி வரிசையாக வைத்தார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டும். உப்பு, மஞ்சள், நிறைகுடம், விளக்கு எல்லாம் தயார். பாக்கியம் படியில் நின்று பின்னால் கையை நீட்டினாள்.

"மதுஷா, தங்கச்சிய குடு."

மதுஷாவுக்கு அவள் அக்காள்தான். ஆனால் நாலு வயதிலேயே நின்றுவிட்டதால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் தங்கச்சி. மதுஷா விளக்கைப் பார்த்தாள். விளக்கைச் சுற்றிக் கொண்டுவந்த துணி பக்கத்தில் கிடந்தது; டின்னில் கட்டியிருந்த அதே மஞ்சள் துணி. அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அழகர் டின்களைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"ஒரு டின்னுல பாதி மண்ணு இருந்துச்சு," என்றான் மெதுவாக. "நல்ல மண்ணா இருந்துச்சு. மேல கொஞ்சம் போட்டு நட்டுட்டேன்."

எதை நட்டான், எந்த டின்னில் நட்டான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. பாக்கியம் படியிலிருந்து இறங்கி முற்றத்தில் நின்றாள். அவள் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அவ வராம நான் உள்ள போக மாட்டேன்," என்றாள்.

அப்புறம் நடந்தது பெரிய குழப்பம். அழகர் குனிந்து ஒவ்வொரு டின்னாக மண்ணைக் கிள்ளித் தேய்த்துப் பார்த்தான். இதுதான் மாதிரி இருக்கு என்றான். அடுத்ததையும் பார்த்து இதுவுந்தான் மாதிரி இருக்கு என்றான். மேல் மலை மண் கொஞ்சம் சிவப்பு என்று நான் சொன்னேன். அவன் எல்லா டின்னுக்கும் அந்த மலையிலிருந்துதான் மண் எடுத்திருந்தான். வீடியோவில் இருக்கும் என்று மதுஷா போனைத் திறந்தாள். எல்லோரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். இஸ்தோப்பு வருகிறது, டின் வருகிறது, அழகரின் கை டின்னை எடுக்கிறது, அந்த நேரம் பார்த்துப் படம் பூனைப் பக்கம் திரும்பிவிடுகிறது. பூனை நெடுநேரம் கால் நக்குகிறது. மறுபடி திரும்பும்போது அங்கே ஒரே மாதிரி ஏழெட்டு டின்னும் ஏழெட்டுச் செடியும் இருக்கின்றன. மதுஷா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள், பூனை ஒரு தடவையாவது நகர்ந்து வழிவிடும் என்பதுபோல.

செடிப் பேரெல்லாம் எழுதிச் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், கோயிலில் செய்கிறதுதானே என்றான் ரமேஸ். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

பாக்கியம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பெத்த புள்ளைய சீட்டு குலுக்கி எடுக்கச் சொல்றியா?"

சரிந்த இடத்துக்குப் போய் வேறு மண் அள்ளி வரலாமா என்று எனக்குத் தோன்றியது. அங்கே இப்போது எந்த மண் எங்கிருந்து வந்தது என்று அந்த மலைக்கே தெரியாது. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. பாக்கியத்தைச் சமாதானப்படுத்தி உள்ளே கூட்டிப்போவதா, அழகரை ரெண்டு அறை அறைவதா என்று தெரியாமல் நின்றேன். ராகுகாலம் தொடங்கிவிட்டது. அதை யாரும் சொல்லவில்லை.

அழகர் எழுந்து வீட்டின் கிழக்கு மூலைக்குப் போனான். மண்வெட்டியை எடுத்து ஒரு குழி வெட்டினான். திரும்பி வந்து முதல் டின்னை எடுத்தான். அதில் டேலியா. கத்திரிப்பூ நிறத்தில் இப்போதுதான் பூத்திருந்தது. அந்தப் பூவை மதுஷா தொட்டதற்குப் போன வாரம் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசாதவன் அவன். செடியைப் பிடுங்கி, வேரிலிருந்து மண்ணைக் குழிக்குள் உதிர்த்து, டின்னைக் கவிழ்த்துத் தட்டினான். அப்புறம் அடுத்த டின்.

"என்னாங்க செய்யிறீங்க? செடியெல்லாம் செத்துப்போயிரும்," என்றாள் பாக்கியம்.

"போவட்டும். ஒண்ணு விடாமக் கொட்டிட்டா அவளும் வந்துதானே ஆவணும்."

அவன் அழுதுகொண்டேதான் சொன்னான். பிறகு நாங்களும் கூடச் சேர்ந்தோம். ரமேஸ் டின்களைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் கவிழ்த்தேன். மதுஷா போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, டின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துப் போட்டாள். ரோசா, பிகோனியா, அந்தூரியம், எல்லாம் பந்தி முடிந்த இலைகள் மாதிரி வாசலில் கிடந்தன. குழி நிறைந்து மேடாகிவிட்டது. முடிந்தது என்று நினைத்தபோது றில்வான் நானா லொறியிலிருந்து இறங்கி வந்தார். அவர் செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டிருந்தார். கையில் ஒரு டின்.

"அக்கா, இது ஒண்டு லொறில படங்குத் துணிக்குக் கீழ உருண்டு கெடந்திச்சு."

அதை விட்டுவிடவல்லவா பார்த்தோம். அதுவாகவே இருந்திருந்தால்? இல்லாமலும் இருக்கலாம். பாக்கியம் ஓடிப்போய் அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு தானே அந்த மேட்டில் கொட்டி, கையால் தட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கற்பூரம் கொளுத்தினோம். ராகுகாலத்தில் பால் பொங்கிற்று. எந்தப் பஞ்சாங்கத்தில் இதற்கு இடம் இருக்கிறதோ தெரியாது, பாக்கியம் வலது காலை வைத்து உள்ளே போனாள்.

பிடுங்கிய செடிகளை அழகர் அந்த மேட்டிலேயே நெருக்கி ஊன்றி வைத்தான். பாதி செத்தது. மீதி எது எதன் கிளை என்று தெரியாமல் ஒன்றன் மேல் ஒன்றாய் வளருகிறது. இப்போது அவன் டின் வாங்குவதில்லை. என் மடுவத்து டின்கள் மூலையில் குவிந்து கிடக்கின்றன. சாயங்காலம் அந்த மேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்குகிறான். தோட்டத்தில் சிலர், கண்ட மண்ணையும் கொட்டிவிட்டுக் கும்பிடுகிறார்கள் என்று பேசுகிறார்கள். செய்தது சரியா தப்பா என்று எனக்கும் பிடிபடவில்லை. ஆனால் அந்த வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றத்தான் தோன்றுகிறது.

இந்தப் பொங்கலுக்கும் பதுளைக்குப் போனோம். கடைக்கார இத்ரூஸ் முதலாளி எங்களைக் கண்டதும் கேட்காமலே நாலு வயதுப் பாவாடைகளை எடுத்துப் போட்டார். ஆரம்ப காலத்தில் ஒரு தரம், உங்கட புள்ள வளரவே மாட்டாளா என்று சிரித்துக்கொண்டு கேட்டவர் அவர். நான் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை, விலையிலும் பிடிவாதம் பிடித்ததில்லை.

பாக்கியம் அந்தப் பாவாடைகளை விரித்துப் பார்க்கவில்லை. அப்படியே முதலாளி பக்கம் தள்ளினாள்.

"இதுல ஒரு அளவு பெருசா குடுங்க மொதலாளி. அஞ்சு வயசுக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து வயதானால் பிள்ளை என் மடுவத்தில் இருக்காதே, பள்ளிக்கூடம் போய்விடுமே, அந்தப் பாவாடையை நான் யாருக்கு உடுத்துவது என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"சொந்த வீட்டுக்கு வந்துட்டாள்ல அக்கா," என்றாள். "இனி வளரட்டும்."