சிவப்பு மையில் போட்ட வழி

பயம் என்றால் என்னவென்று ஓர் அமாவாசைக் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் திமிர்.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டிராஃப்ட்ஸ்மேன். புயல் வந்தால் சிப்பிகாட் மக்கள் எந்த வழியாக டாலிகஞ்ச் மேட்டுக்கு வர வேண்டும் என்று வரைபடம் போடும் வேலை என்னிடம் வந்தது. வழி இரண்டு. கடலில் கலக்கும் உப்பங்கழியின் ஓரமாகப் போகும் ரோடு கிட்டம். குன்றைச் சுற்றும் காட்டுப்பாதை தூரம், வழுக்கல் வேறு. எது ஆபத்து என்று பார்க்க, ஒரு தகரத் தட்டில் களிமண்ணால் சிப்பிகாட்டையே செய்தேன். குன்று, வயல், கழி, பாலம் எல்லாம் இருந்தன. பூவாளியால் குன்றின்மேல் தண்ணீர் ஊற்றினேன். காட்டுப்பாதை கரைந்து சரிந்தது. ரோட்டுப் பக்கம் வந்த தண்ணீர் பாலத்தடியில் ஓடிக் கடலுக்குப் போய்விட்டது.

அலுவலகப் பியூன் பக்கத்தில் நின்று பார்த்தார். என் வயதுதான், தீவிலேயே மூன்று தலைமுறை கண்ட குடும்பம்.

"சார், இங்க பானி மேலேருந்து மட்டும் வராது. சமுந்தர்லேருந்தும் ஏறும்."

"தஞ்சாவூர்க்காரனுக்கே தண்ணி எப்படி ஓடும்னு பாடம் எடுக்கறியா?" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கழி வழியாகத் தண்ணீர் வடியும் என்று தெரிந்த எனக்கு, அதே வழியாக வரும் என்று உறைக்கவில்லை. டிரேசிங் துணியில் ரோட்டின்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தேன். பிரதி ஒன்றை வீட்டுச் சுவரிலும் ஒட்டினேன். வீடு சிப்பிகாட்டில்தான், மனைவிக்கு அங்கே பண்ணையில் வேலை. "புயல்னு ஜீப்புல சொல்லிட்டுப் போனா எனக்காகக் காத்திருக்காதே. பிள்ளையத் தூக்கிட்டு இந்த வழியா வந்துடு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த அமாவாசையன்று காலையிலேயே புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அறிவிப்பு ஜீப் சிப்பிகாட்டுக்குக் கிளம்பிப் போயிற்று. அலுவலக ஜன்னல் காற்றில் திறந்துகொள்ள, சாரலில் என் களிமண் தட்டு நனைந்தது. நகர்த்தலாம் என்று தூக்கினேன். தட்டு சாய்ந்தது. கடல் பக்கம் தேங்கியிருந்த தண்ணீர் கழிக்குள் ஏறியது. முதலில் பாலம் முங்கியது, அப்புறம் ரோடு. காட்டுப்பாதையைத் தண்ணீர் தொடவே இல்லை.

வீட்டுச் சுவரில் ஒட்டிய கோடு நினைவுக்கு வந்தது. "ஹைடைட் எத்தனை மணிக்கு?" என்று பியூனைக் கேட்டேன்.

"அமாவாசையாச்சே சார். பத்து மணிக்கு சமுந்தர் ரொம்ப மேலே ஏறும்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாலிகஞ்ச் தாண்டியும் எதிரே ஒருவரும் வரவில்லை. நனைந்த செருப்பு பெடலில் நழுவிக்கொண்டே இருந்தது. தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

பாலத்தருகே ரோட்டைக் காணோம். கலங்கல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர். எல்லோருக்கும் முன்னால், முழங்கால் தண்ணீரில், என் மனைவி. தோளில் குழந்தை.

"வராதே! திரும்பு! காட்டுப்பாதையில போ!"

"நீங்கதானே இந்த வழின்னு கோடு போட்டீங்க!"

"தப்பாப் போட்டுட்டேன்! ஜல்தி போ!"

ஒரு கணம் அசையாமல் என்னையே பார்த்தாள். பிறகு திரும்பி, மற்றவர்களையும் திருப்பினாள்.

வழுக்கி விழுந்து, சேறும் சகதியுமாக அவர்கள் மேட்டுக்கு வந்து சேர மத்தியானம் ஆயிற்று. அதுவரை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தையை வாங்கினேன். அடுத்த நிமிஷமே அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

சிவப்புக் கோட்டைப் பிளேடால் சுரண்டி அழித்தேன். அடுத்த அமாவாசையன்று, ஹைடைட் நேரத்தில், புது வழியைப் பார்க்க இருவரும் காட்டுப்பாதையில் போனோம். குழந்தையோடு அவள் முன்னால், பென்சிலோடு நான் பின்னால். கழி தெரியும் திருப்பத்தில் நின்றாள்.

"இதை நம்பலாமா?"

"நீ நடக்கிற வழியத்தான் போடறேன்" என்றேன்.

அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.