காற்றை எண்ணிய மீட்டர்

பவுலின் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள். ஆடுகோடிப் பகுதியில் குடிநீர் இயந்திரம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், அதன் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அட்டையைக் காட்டினால் இருபது லிட்டர் கேனை நிரப்பித் தரும் இயந்திரம் அது. சோதனைக்காகக் கணினிக்குள்ளேயே ஒரு போலி வால்வும் போலித் தண்ணீர் மீட்டரும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த மீட்டர் ஒருநாளும் தப்பாக எண்ணியதில்லை. எல்லாச் சோதனையும் தேறிய பிறகே ஒக்கலிபுரத்தில் முதல் இயந்திரத்தை நிறுவினார்கள்.

ஒரே வாரத்தில் புகார். சில நேரம் கேன் பாதிதான் நிரம்புகிறது, திரையிலோ 'நிறைந்தது' என்று வருகிறது.

"மீட்டர் கெட்டிருக்கும், மாத்திடலாம்" என்றார் மேலாளர் வெங்கடராமன். மாற்றினார்கள். புது மீட்டரும் அதையே செய்தது.

பவுலின் பஸ் ஏறி ஒக்கலிபுரம் போய் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றாள். காலையில் கேன்கள் ஒழுங்காக நிரம்பின. பிறகு மேல்தொட்டி வற்றியது. லாரி வந்து தண்ணீர் ஏற்றிவிட்டுப் போனது. அடுத்ததாக லட்சுமம்மா என்ற பெண் கேனை வைத்தார். குழாய் புஸ்ஸென்று சீறியது, தண்ணீர் துப்பித் துப்பி விழுந்தது. உள்ளே மீட்டரின் சக்கரம் மட்டும் கிர்ரென்று சுற்றியது.

"நோடும்மா, நீயே பாரு, பாதி கேன் காலி. மிஷின் ஃபுல்லுங்குது!"

"மீட்டர் மேல தப்பில்லைக்கா. குழாய்ல காத்து பூந்திருக்கு. அதையும் தண்ணின்னு எண்ணுது" என்றாள் பவுலின். காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை. லட்சுமம்மாவின் கேனை மறுபடி நிரப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஆபீஸில் போலி மீட்டரைத் திருத்தி எழுதினாள். தொட்டி வற்றி நிரம்பினால் இனி அதிலும் காற்று புகும், சக்கரம் தாறுமாறாகச் சுற்றும். ஓட்டிப் பார்த்ததும் சோதனைகள் வரிசையாகத் தோற்றன.

"எல்லாம் பாஸாயிட்டிருந்தது. சும்னே, காரணமே இல்லாம கெடுத்து வச்சிருக்கே" என்று சலித்துக்கொண்டான் புரோகிராம் எழுதும் அஷ்வத்.

"நெஜத்துல நடக்கறதத்தான் போட்டேன். இதுல தேறாதது அங்க எப்படித் தேறும்?"

அவன் தோற்ற சோதனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். தண்ணீரால் சுற்ற முடியாத வேகத்தில் சக்கரம் சுற்றினால் அதை எண்ணாமல் விடும்படி மாற்றினான். ஒக்கலிபுரத்தில் தொட்டியை வற்றவிட்டு நிரப்பிப் பார்த்தார்கள். கேன் கழுத்துவரை நிரம்பியது.

பவுலின் அதோடு விடவில்லை. அடைத்துக்கொள்ளும் வால்வு, திடீரென்று இறங்கும் மின்சாரம் என்று ஒவ்வொன்றையும் கணினிக்குள் கொண்டுவந்தாள். இப்போது புதிதாக எந்தப் பாகம் வந்தாலும் வெங்கடராமன் முதலில் அவள் மேசைக்குத்தான் அனுப்புகிறார். போன வாரம் கம்பெனிப் பின்கட்டில், சுடிதாரில் சேறு தெறிக்க, ஒரு புத்தம்புது வால்வுக்குள் கலங்கல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.