பதினேழாம் எண்ணின் சிவப்புக் குமிழ்

ஒரு பிளாஸ்டிக் கட்டையின் சாம்பல் நிறம் பக்கத்துக் கட்டையின் சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக நீங்கள் எப்போதாவது நியாயம் கேட்டுக் குரல் உயர்த்தியதுண்டா? நடுவர் இதோ உயர்த்திக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, ஒரு விண்கலத்தின் இறக்கையைக் கேமராவின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "பாருங்க. இது ஒரு சாம்பல். இது வேற சாம்பல். ரெண்டும் ஒரே இறக்கை. வாங்கறவன் என்ன இளிச்சவாயனா?" குரலில் நிஜமான வலி இருக்கிறது. அடுத்த அறையில் அவர் மனைவி, மேசை பறிபோன காரணத்தால், மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அநீதியைப் பற்றி இதுவரை காணொளி எதுவும் வரவில்லை.

பகலில் அவர் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் வேலை. நசுங்கிய கதவை விரலால் தடவி, "இது பழைய நசுங்கல்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். வண்டிக்காரர் கண் கலங்கினாலும் அவர் பேனா கலங்காது. மாலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டால் அவர் வேறு ஆள். அறிவியல் புனைகதைத் தொடர்களில் வரும் கப்பல்கள், இயந்திர மனிதர்கள், கோள்விட்டுக் கோள் தாவும் வாகனங்கள், இவற்றைக் கட்டைகளாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து விற்கிறார்களே, அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார். "வணக்கம், நீதிமன்றம் கூடிடுச்சு" என்றுதான் தொடங்குவார். ரசிகர்கள் நடுவர் என்று பட்டம் கொடுத்தார்கள். இப்போது அலுவலகத்திலும் அதுதான் பெயர்.

பத்துக்குப் பத்து அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. "பத்து குடுத்துட்டா அப்புறம் நமக்கு என்ன வேலை?" என்பார். இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருக்கிறார். இறுக்கமாக மாட்டிக்கொண்ட கட்டைகளை நெம்பிப் பிரிக்க. மனைவியின் தம்பி ஒருமுறை நகவெட்டியோடு அருகில் வந்தபோது, "மாப்ள, விளையாட்டு வேண்டாம், இது என் தொழில் கருவி" என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கட்டி முடித்த கப்பலைக் காதருகே வைத்து உலுக்கிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது கடகடத்தால் அரை மதிப்பெண் போச்சு.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதை அவர் பெருமையோடு ரசிகர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பட்டாணியளவு உருண்டைத் துண்டுகள், அவர் மொழியில் குமிழ்கள், மேசையிலிருந்து உருண்டு ஓடிவிடும். எனவே பொட்டலத்தைப் பிரித்த உடனே அவற்றைக் கைக்கு அருகில் இருக்கும் அகலமான பலகைத் துண்டின் மேல் அழுத்தி வைத்துவிடுவார். "குமிழு உருண்டா கட்டிலுக்கு அடியில, கட்டிலுக்கு அடியில போனா காலத்துக்கும் போச்சு. முதல்ல அதைச் சிறை வைங்க, அப்புறம் மூச்சு விடுங்க."

அவருடைய ரசிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் இரண்டு மதங்கள் இருக்கின்றன. பெட்டியைத் திறப்பவர்கள் ஒன்று, திறக்காதவர்கள் மற்றொன்று. திறக்காதவர்கள் பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வெயில் படாமல் திரை போட்டு, வருகிறவர்களைத் தொடாமல் பார்க்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் காற்று தொழிற்சாலைக் காற்று, அதைக் கலைத்தால் பெட்டியின் உயிர் போய்விடும் என்று அவர்களில் ஒருவர் நடுவருக்கு நீண்ட விளக்கம் எழுதினார். ஆதாரம் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை வணங்குவதற்கு மனிதனுக்கு விண்வெளி யுகம் தேவைப்படவில்லை. அது அவனுக்கு வெகு காலமாகவே கைவந்த கலை.

இரண்டு மதத்தாரையும் ஒன்றுசேர்த்த பெட்டி ஒன்று போன மாதம் வந்தது. விடுதலைக் கப்பல். அது வரும் தொடரை நீங்கள் பார்க்காவிட்டாலும் கதை இவ்வளவுதான்: ஒரு விண்கல்லில் சுரங்கம் தோண்டும் கம்பெனி, தன் தொழிலாளிகளை மார்பில் எண் குத்தி வேலை வாங்குகிறது. தவறு செய்கிற எண்ணைக் கதவைத் திறந்து வெளியே தள்ளிவிட்டு, அதே எண்ணை வேறொரு மார்பில் குத்துகிறது. கடைசியில் அவர்கள் ஒன்றுதிரண்டு கப்பலைக் கைப்பற்றி, "நாங்க எண் இல்ல, ஆளு" என்று முழங்குகிறார்கள். அந்த வசனம் அச்சிட்ட சட்டையை ரசிகர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். நடுவரிடம் இரண்டு இருக்கின்றன. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் அவரும் கூடவே முழங்குவார்.

கப்பலின் முனையில் ஒரு சிவப்பு விளக்கு. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஒற்றைக் குமிழ். கதையில் அந்த விளக்கைப் பார்த்துத்தான் விடுதலை வந்துவிட்டது என்று சுரங்கத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

சேகரிப்பாளர்களுக்கான சிறப்புப் பதிப்பு அது. கட்டைகள் எங்கோ வார்க்கப்பட்டு மூட்டைகளில் வந்து இறங்கும். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பெண்கள் அவற்றைக் கையால் பொறுக்கிப் பொட்டலம் கட்டுவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வண்ணச் சீட்டு இருக்கும்: ‘உங்களுக்காக அன்போடு கட்டியவர்’ என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு எண். அன்பு எல்லோருக்கும் பொதுவாக அச்சிடப்பட்டது. எண் மட்டும் முத்திரை. மனைவியின் தம்பி அந்தக் கொட்டகையில்தான் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிறான். முதல் பெட்டி நடுவர் வீட்டுக்கு வந்து சேர்வதும் அவனால்தான்.

நேரலையில் கட்டினார். ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கடைசிப் படியில் கை பொட்டலத்துக்குள் போனது, வெறுங்கையாகத் திரும்பியது. சிவப்புக் குமிழ் இல்லை. நடுவர் வெள்ளைத் துணியை உதறினார், காலுக்கடியில் பார்த்தார், பிறகு வண்ணச் சீட்டை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார். "அன்போடு கட்டியவர், பதினேழு. பதினேழு, உங்க அன்புல ஒரு குமிழு குறையுது."

அந்த வரி பிடித்துக்கொண்டது. பெட்டியை விற்ற கம்பெனியின் புகார்ப் பக்கம் நிரம்பி வழிந்தது. ‘பதினேழைத் தூக்கு’ என்று எழுதியவர்கள் பலர் விடுதலைச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. மாற்றுக் குமிழ் ஒன்றை உறையில் போட்டு அனுப்பியது. ‘பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்றும் அறிவித்தது. அதை நடுவர் அடுத்த காணொளியில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "பாத்தீங்களா. கேள்வி கேட்டாத்தான் நியாயம் கிடைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். வழக்கமாகக் கப்பலைத் தொடப்போவதுபோல் போக்குக் காட்டி அத்தானை அலறவைப்பான். அன்று அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அத்தான், பதினேழை அனுப்பிட்டாங்க."

"அனுப்பிச்சுட்டாங்கன்னா?"

"வேலையை விட்டு. வீட்டுக்கு. வேற எங்க அனுப்புவாங்க, விண்கல்லுக்கா?"

"நான் குமிழைத்தானேடா கேட்டேன். ஆளையா தூக்கச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல. உங்க சட்டை போட்ட ஜனம் எல்லாம் சொல்லிச்சு. நீங்க அதைப் படிச்சுக் காட்டினீங்க." அவன் கைபேசியை நீட்டினான். "அந்த அக்கா லைன்ல இருக்காங்க. பேசுங்க."

நடுவர் அதைச் சூடான பாத்திரம்போல் வாங்கினார். மறுமுனையில் இருந்த குரல் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சார், நான் குமிழு போட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா இத்தனை பேர் போடலன்னு சொல்றப்ப எனக்கே சந்தேகமா இருக்கு சார். நீங்க நல்லாப் பாத்தீங்கதானே?"

"பாத்தேம்மா" என்றார் நடுவர். கைபேசியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் கை நீட்டியபடியே இருந்தது.

மனைவி கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றிருந்தார். "ஏங்க, காதுல வச்சு உலுக்கறீங்க, நகத்தால கீறிப் பாக்கறீங்க. வயித்துக்குள்ள பாத்தீங்களா?"

"கட்டின கப்பலை யாராவது பிரிப்பாங்களா?"

"பிரிக்கச் சொல்லல. டார்ச் அடிச்சுப் பாருங்க."

கப்பலின் பின்பக்கம் இயந்திரத்துக்கான ஓட்டை ஒன்று இருக்கிறது. நடுவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்தை உள்ளே விட்டார். அடித்தளம் ஒரு பெரிய சிவப்புப் பலகை. அதன் மூலையில், சிவப்பின் மேல் சிவப்பாக, ஒரு துளி மின்னியது. உருண்டு ஓடாதபடி முதல் நிமிடமே யாரோ அதை அங்கே அழுத்திச் சிறை வைத்திருந்தார்கள். அதன் மேல் அடுக்கடுக்காகக் கப்பல் எழும்பிவிட்டது. இறுக்கமாக ஒட்டியிருந்ததால் உலுக்கியபோது சத்தம் வரவில்லை. சேதம் யாருடைய கையால் வந்தது என்று பார்த்தவுடன் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவர் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று மாலையே கேமராவை வைத்தார். முதல் முயற்சி இப்படிப் போனது: "ரசிகர்களே, ஒரு முக்கியமான வடிவமைப்புக் குறை. சிவப்புப் பலகையோட சிவப்புக் குமிழைச் சேர்த்துக் குடுத்தது பெரிய தப்பு. இதுக்கு ஒரு மதிப்பெண்..."

"அதை அங்க வச்சு அழுத்தினது யாரோட விரலுங்க?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. தட்டில் கரண்டி படும் சத்தமும் வந்தது.

நடுவர் அணைத்தார். சிறிது நேரம் கழித்து மறுபடி போட்டார். இம்முறை கையுறை இல்லை. வணக்கமும் இல்லை, நீதிமன்றமும் கூடவில்லை. அந்த நீளமான நகத்தைக் கப்பலின் விலாவில் கொடுத்து நெம்பினார். இறக்கை கழன்றது, மேல்தளம் கழன்றது, அடுக்கு அடுக்காக விடுதலைக் கப்பல் மேசை முழுக்கச் சிதறியது. கடைசியில் சிவப்புப் பலகையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, "பதினேழு போட்டிருக்காங்க. நான்தான் பாக்கல. அவங்க வேலை போனது என்னால" என்றார். மதிப்பெண் சொல்லவில்லை.

முந்தைய காணொளியைப் பார்த்தவர்களில் சிலரே இதைப் பார்த்தார்கள். கட்டிய கப்பலைக் கலைத்தது மகாபாவம் என்று இரண்டு மதத்தாரும் ஒரே குரலில் கண்டித்தார்கள். அந்த நகத்தை எப்படி வளர்ப்பது என்று ஒருவர் விசாரித்தார். கம்பெனி, ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று, எல்லோருக்கும் அனுப்பும் பதிலை அனுப்பியது.

மறுவாரம் மனைவியின் தம்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அத்தான், கொட்டகைல புதுப் பதினேழு வந்தாச்சு."

இப்போது சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இருக்கிறது. கப்பலைத் திரும்பக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறார், முனையில் விளக்கு இல்லாமல். கம்பெனி அனுப்பிய மாற்றுக் குமிழ் உறை பிரிக்கப்படாமல் கிடக்கிறது. பழைய குமிழ் அவர் சட்டைப் பையில். மதிய இடைவேளையில், அடிபட்ட கார்களுக்கு நடுவே நின்று, கம்பெனிக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். காத்திருக்கச் சொல்லி இசை போடுகிறார்கள். இசை முடிகிறவரை அந்தக் குமிழை விரலிடுக்கில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

கம்பெனியின் புகார்ப் பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அன்று அங்கே எழுதியவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் வழி உங்களுக்குத் தெரியும். இன்றே போய் இரண்டு வரி எழுதுங்கள்: குமிழ் பொட்டலத்தில் இருந்தது. அந்த அம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள்.