சும்மா சொல்கிற வார்த்தை

சலவைக்கூடத்தில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். உண்மையில் அவன் தூங்குவதே இல்லை. ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உதறி, சூடான இஸ்திரி உருளைக்குள் விடுவது வேலை. பதினாறு வயதில் அக்காவோடு படகில் வந்தவன். இப்போது இருபது. அகதி மனு இன்னும் விசாரணையில் இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ணு இப்படி உள்ள போச்சுன்னா அப்புறம் என்னடா பண்ணுவ?" என்பார் பக்கத்தில் துணி மடிக்கும் தமிழ்க்கார அண்ணன் ஒருவர். அவனும் சிரிப்பான். அதனால் யாரும் கவலைப்படவில்லை.

ஒரு நாள் விரிப்போடு அவன் விரல்களும் உருளைக்கு அருகே போயின. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேலாளர் டாக்டரிடம் அனுப்பினார். அந்த நாட்டு மொழி அவனுக்கு வேலைக்கு வேண்டிய அளவுதான் தெரியும். மொழிபெயர்க்க அக்கா போனாள்.

"என்ன செய்யுதுன்னு சொல்லுடா."

"செத்துடலாம் போல இருக்குக்கா."

அக்காவே தினமும் சொல்கிற வாக்கியம். ஆபீஸ் தரைகளைத் துடைத்துவிட்டு வந்தால் சொல்வாள். பஸ் தவறினாலும் சொல்வாள். இவனும் அப்படித்தான் சொல்கிறான் என்று வைத்துக்கொண்டாள். வேறு மாதிரி டாக்டர் எழுதிவிட்டால் மனு என்னாகும்?

ரொம்பக் களைப்பாக இருக்கிறதாம் என்று டாக்டரிடம் சொன்னாள். அவர் சத்து மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

"நான் சொன்னதச் சொல்லலியே நீ."

"சொன்னேனே."

"களைப்புன்னு சொன்ன. அந்த வார்த்தை எனக்குத் தெரியும்கா. வேலையில எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். சாவுக்கு அந்த மொழியில் என்ன வார்த்தை என்று தெரியவில்லை. சலவை இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானில் எழுதியிருப்பதுதான் நினைவுக்கு வந்தது. விரலைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தி, "நிறுத்து" என்றான்.

டாக்டர் எழுதுவதை விட்டுவிட்டார். அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. தொலைபேசியின் ஸ்பீக்கரில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல் தமிழில் கேட்டது. "தம்பி, சாகணும்னு நினைக்கிறீங்களான்னு டாக்டர் கேக்குறார். அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க."

பிறகு அவன் பேசினான். எப்போதிலிருந்து என்று சொன்னான். அத்தனை வருஷமும் ஒரே அறையில் அவனோடு இருந்தவள் அக்கா. கேட்டது எதுவும் அவளுக்குத் தெரிந்ததாக இல்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.