ரோஸ்விதாவின் இடது கை

பாட் எர்லன்பாக் என்ற நீர்வைத்திய ஊரில் முப்பத்தோரு வருடமாக வெளியூரார் கால்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பிழைத்தவள் ரோஸ்விதா ஃபிங்க்பைனர். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ரப்பர் குழாயை மேல்நோக்கிப் பிடித்தால் தண்ணீர் ஒரு கையகலம் மட்டுமே எழும்ப வேண்டும்; அதற்கு மேல் போனால் அது வைத்தியமில்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. வலது காலின் சுண்டுவிரலில் தொடங்கி, குதிகால் வழியாக ஏறி, முழங்காலுக்குச் சற்று மேலே நின்று, உள்பக்கமாக இறங்க வேண்டும். இதயத்திலிருந்து தள்ளி இருப்பதால் வலது காலுக்குத்தான் முதல் மரியாதை. தண்ணீர் தெறிக்கவும் கூடாது, நடுவில் கிழியவும் கூடாது. மெல்லிய துணி போலக் காலைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ரோஸ்விதா ஊற்றினால்தான் அப்படி இறங்குகிறது என்று வருடாவருடம் வந்துபோகிற நோயாளிகள் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

போன நவம்பரில் அப்படி ஊற்றுகிற வலது கைதான் போயிற்று. காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கவாதம். மூன்று மாதம் வேறு ஊர் மருத்துவமனையில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது கால் தேறியிருந்தது, பேச்சும் தேறியிருந்தது. பேச்சு கொஞ்சம் அதிகமாகவே தேறிவிட்டது என்பான் அவள் கணவன் ஏகோன். வலது கை மட்டும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது.

அவள் வேலை பார்த்த வைத்தியக் குளியல் இல்லத்தின் தலைமை மருத்துவர் லெண்ட்ஸ் வடக்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், நாற்காலி இருக்கிறது, கணப்பு இருக்கிறது, ஒரு கை போதும் என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஈஸ்டர் முடிகிறவரை பொறுங்கள், இடது கையால் ஊற்றிக் காட்டுகிறேன், சரியாக வராவிட்டால் அந்த நாற்காலியில் நானே போய் உட்காருகிறேன் என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். மனசுக்குள் நாற்காலிக்கு நல்ல மெத்தையாகத் தேடியிருப்பார்.

பயிற்சிக்குக் கால் வேண்டுமே. முதலில் அகப்பட்டவை ஏகோனுடையவை. மரம் அறுக்கும் ஆலையிலிருந்து மாலையில் வந்து பூட்ஸைக் கழற்றியதும் அவனைக் கொல்லைப்புறத்தில் மரச்சட்டத்தின் மேல் நிறுத்திவிடுவாள். காட்டில் பனி முழுசாக உருகாத மார்ச் மாதம். இடது கை சொன்ன பேச்சைக் கேட்காது. முழங்காலுக்குப் போக வேண்டிய தண்ணீர் இடுப்புக்குப் போகும், சில நாள் முகத்துக்கே போகும்.

"உன் கை சரியாகறதுக்குள்ள என் காலு போயிடும்போல இருக்கு" என்றான் ஏகோன்.

"போனாப் போகட்டும். ரெண்டு இருக்குல்ல."

இரண்டும் போதவில்லை. தடித்த கால், ஒல்லிக் கால், நரம்பு புடைத்த கால் என்று எல்லாவற்றிலும் கை பழக வேண்டும். அவள் நேரே தன்னார்வத் தீயணைப்புப் படையின் கொட்டகைக்குப் போனாள். அந்த ஊர்க்காரர்களுக்கு வைத்தியத் தண்ணீரில் கால் நனைக்கிற வழக்கமே இல்லை. அதெல்லாம் வெளியூர் விருந்தாளிகளுக்கு. குழாயைப் பற்றி எங்களுக்கே பாடமா என்று தீயணைப்புக்காரர்கள் கேலி செய்தார்கள். அவள் முதல் ஆளின் கால்சட்டையை மடித்துவிட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் எட்டுப் பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடி காத்திருந்தார்கள். ஒருவர்கூட வராமல் இருந்ததில்லை. அவளுக்குப் பயந்து வந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, சோதனை. மருத்துவர் ஒரு நோயாளியைத் தயாராக நிறுத்தியிருந்தார். ரோஸ்விதா வேண்டாம் என்றாள்.

"அவங்க பாவம் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க. உங்க காலைக் குடுங்க, டாக்டர்."

இரண்டு வருடமாகப் பிறருக்கு எழுதிக் கொடுத்த வைத்தியத்தை லெண்ட்ஸ் ஒருநாளும் தன் காலில் வாங்கியதில்லை. வெளியே பெஞ்சில் வைத்தியத்துக்கு ஆறு பேர் காத்திருந்தார்கள், கதவும் திறந்திருந்தது. வேறு வழியில்லாமல் காலுறையைக் கழற்றினார்.

வலது காலில் தண்ணீர் அழகாக இறங்கியது. இடது காலில், முழங்காலுக்குப் பின்னால், ஒரு நொடி கிழிந்து மறுபடி சேர்ந்துகொண்டது. லெண்ட்ஸ் சுவரிலிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். பிறகு மனதாரவே சொன்னார்:

"பிரமாதம். நீங்க பாஸ்."

ரோஸ்விதா குழாயை மூடினாள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை நாள் ஏங்கியது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

"இன்னும் இல்ல, டாக்டர். இடது கால்ல தண்ணி கிழிஞ்சிடுச்சு."

"நான் பார்க்கலையே."

"நான் பார்த்தேன். இன்னொரு தடவை ஊத்தணும். ஆனா குளிர்ந்த கால்ல ஊத்தக் கூடாது. நடந்து சூடாக்கிட்டு வாங்க."

அவர் துண்டு கேட்டார். துண்டு கிடையாது, தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு நடக்க வேண்டும் என்பது அவரே கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்த விதி. தலைமை மருத்துவர் வெள்ளைக் கோட்டும் வெறுங்காலுமாக நடைக்கூடத்தின் கோடிவரை போய்த் திரும்பினார். காத்திருந்தவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்கள்.

இரண்டாவது தடவையும் அதே இடத்தில் கிழிந்தது. இந்த முறை அவரும் பார்த்துவிட்டார். அவள் சொல்வதற்கு முன்பே நடக்கப் போனார். ரோஸ்விதாவின் தோள் வலித்தது. இப்போதும் வராவிட்டால் அந்த நாற்காலிக்குப் போய்விட வேண்டியதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஏமாற்றி வேலையில் நிற்பதைவிட அது மேல்.

அவர் சிவந்த பாதங்களோடு திரும்பி வந்து மரச்சட்டத்தின் மேல் ஏறி நின்றார். அவள் குழாயை ஒரு விரல் தாழ்த்திப் பிடித்தாள். சுண்டுவிரல், குதிகால், முழங்கால். தண்ணீர் சத்தமே இல்லாமல் காலைப் போர்த்திக்கொண்டு இறங்கியது. வலது கால் முடிந்து இடது கால். முழங்காலுக்குப் பின்னால் வந்தபோது அவள் மூச்சுவிடவில்லை. கிழியவில்லை.

"இப்ப சரி" என்றாள். குழாயை மூடினாள்.

லெண்ட்ஸ் சட்டத்திலிருந்து இறங்கினார். "அப்ப திங்கட்கிழமையிலிருந்து..."

"திங்கட்கிழமை எதுக்கு? வெளியில ஆறு பேர் உட்கார்ந்திருக்காங்க. நீங்க எப்படியும் நடக்கத்தான் போறீங்க. போற வழியில முதல் ஆளை உள்ள அனுப்புங்க."

தலைமை மருத்துவர் ஈரக் காலோடு நடைக்கூடத்துக்குப் போய், முதல் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.